முருகன் என்னை வினிபெக்குக்கு அனுப்பிய கதை

முருகன் அடியார்களே, எனக்கு நடந்ததை முழுவதும் விளங்கிக்கொண்டு நான் இதை எழுதவில்லை. இன்றைக்கும் பாதி விளங்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் விடவில்லை.

2009ஆம் ஆண்டின் தொடக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு மாடிக் குடியிருப்பில் என் தோழி தேவகியும் நானும் சேர்ந்து இருந்தோம். நான் கனடாவுக்குப் படிக்க வந்தவள். படிப்பு முடிந்து, செயற்கைப் பல் செய்யும் ஒரு லாப்பில் வேலை. வேலை அனுமதி அந்தக் கோடையோடு முடியப்போகிறது. அதற்குப் பிறகு நாட்டை விட்டுப் போக வேண்டும். எங்கே போவது? என் ஒரே அண்ணா மனைவியோடு, இலங்கையில் சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். தைப்பொங்கலுக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை.

தேவகிக்கும் அதே தவிப்புதான். அகதியாக வந்து வதிவிட உரிமை பெற்றவள். கணவரை இங்கே கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். அவரும் வன்னியில்தான்.

ஆளுக்கொரு கதை சொன்னார்கள். "அகதிக் கேஸ் போடும்" என்றார் ஒருவர். "சண்டை முடியப்போகுது, இனி ஒருத்தரையும் ஏற்க மாட்டாங்கள்" என்றார் மேல்மாடி அங்கிள். "ஆரையாவது கலியாணம் கட்டும்" என்று சொன்னவர்களும் உண்டு. வினிபெக்கில் இருந்த என் அத்தை மகள் ஒருத்திதான் வேறு வழி சொன்னாள்.

"இஞ்சால வாரும் மச்சாள். எங்கட மானிடோபா மாகாணம் தனக்கு வேண்டிய ஆக்களைத் தானே தெரிஞ்செடுத்து, இவையை நிரந்தரமா இருக்க விடுங்கோ எண்டு ஒட்டாவா அரசாங்கத்துக்குச் சொல்லுது. சொந்தக்காரர் இருந்தா இன்னும் லேசு."

அவளுடைய கரைச்சல் தாங்காமல் முந்தைய வருடமே விண்ணப்பித்திருந்தேன். ஆனால் அந்தக் குளிருக்குள் போக எனக்கு விருப்பமில்லை. பதிலும் வரவில்லை.

கோயிலில் நின்றால் எதைக் கேட்பது என்று தெரியாது. அங்கே சனம் பதுங்கு குழிக்குள் கிடக்கிறது. நான் போய் எனக்கு விசா தா என்று கேட்பதா? வெட்கமாக இருக்கும். "அண்ணாவைக் காப்பாற்று முருகா" என்பேன். அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். "சுவாதி நட்சத்திரம், சுகந்தி" என்றார். என் பெயரும் நட்சத்திரமும்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அர்ச்சனைச் சீட்டு எடுக்கவில்லையே! பக்கத்தில் தேவகி கண்மூடி நின்றாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ர பேருக்கு ஏன் செய்தனீர்? உம்மட அவருக்கெல்லோ செய்யவேணும்?"

"அவருக்கும் செய்யிறனான். நீர் உமக்கெண்டு ஒண்டும் கேக்கமாட்டீர். உமக்கு இஞ்ச நிக்க வழி இல்லையெண்டால், உம்மட அண்ணை தப்பி வந்தாலும் ஆர் கூப்பிடுறது?"



மே மாதம் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஸ்காபரோவே செத்தவீடு மாதிரிக் கிடந்தது. பஸ்ஸில் முகம் தெரியாத பெண்கள் அழுதுகொண்டு வந்தார்கள். அந்த வாரம்தான் மானிடோபாவிலிருந்து பதில் வந்தது. என்னைத் தெரிவு செய்திருந்தார்கள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முருகனுக்குக் காது மாறிக் கேட்டுவிட்டதா? கோபம்தான் வந்தது.

"இதை இப்ப ஆர் கேட்டது? நான் அண்ணாவையெல்லோ கேட்டனான்!" என்று கத்தினேன்.

தேவகி என் நெற்றியில் திருநீறு பூசினாள். "நான் கேட்டனான். பேசாமல் வாங்கும்" என்றாள்.

ஆனியில் அண்ணா பேசினார். வவுனியாவுக்குப் பக்கத்தில் ஒரு முகாமிலிருந்து, யாருடையதோ தொலைபேசியில். "பிள்ளை, நாங்கள் ரெண்டுபேரும் உயிரோட இருக்கிறம்" என்றார். அதோடு தொடர்பு அறுந்துபோனது. நான் குழறி அழுதேன். தேவகியும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"என்ர அவரைக் கண்டவராமோ?"

கேட்க முந்தியே லைன் போய்விட்டது என்று சொன்னேன். பிறகு வந்த அழைப்புகளில் கேட்டேன். அண்ணா காணவில்லை. ஒருவருமே காணவில்லை.

சன்னிதியில் நின்று கேட்டேன்: எனக்கு இரண்டும் தந்தாய், எனக்காக மன்றாடியவளுக்கு ஏன் ஒன்றும் இல்லை? இதையே தேவகியிடமும் கேட்டுவிட்டேன்.

"என்னட்டைக் கேளாதையும் சுகந்தி. எனக்கும் தெரியாது. தெரியாமத்தான் நானும் கும்பிடுறன்" என்றாள்.

மானிடோபா தந்த தெரிவுக் கடிதத்தைக் காட்டி வேலை அனுமதியை நீட்டிக்கொண்டு வினிபெக்குக்குப் போனேன். அடுத்த வருடம் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. அதன் பிறகுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. ரொறன்ரோவில் இருந்திருந்தால் கூடப்பிறந்தவரைக் கூப்பிடுவது லேசுப்பட்ட காரியமில்லை. மானிடோபாவில் அங்கிருக்கும் சொந்தக்காரரைக் காட்டி அவரே விண்ணப்பிக்கலாம். நான் வந்த அதே வழியால், சில வருடங்கள் கழித்து அண்ணாவும் அண்ணியும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் அண்ணா, "இவ்வளவு குளிருக்குள்ளயா இருக்கிறாய்?" என்றார். அந்தக் குளிரைத்தான் நான் வேண்டாம் என்று நின்றேன்.

தேவகி இன்னும் ஸ்காபரோவில் காத்திருக்கிறாள். அவளை நினைக்கும்போது முருகனுக்கு நன்றி சொல்லவே கூச்சமாக இருக்கும். இருந்தும் நன்றி சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இப்போது கோயிலுக்குப் போனால் அடுத்தவருக்காகவும் கேட்கிறேன். அதை எனக்குப் பழக்கியவள் அவள்தான்.

விசாவுக்கும் பதிலுக்கும் காத்துக்கொண்டு, யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளே, மனம் தெளியட்டும், பிறகு கும்பிடலாம் என்று நிற்காதீர்கள். குழம்பின மனத்தோடேயே வாருங்கள். நானும் அப்படித்தான் வந்தேன். முருகன் திருப்பி அனுப்பவில்லை.