ஏழாம் வாய்க்காலின் படமுறையும் நான் விட்டுவந்த பேணியும்

ஆனி மாதத்து இரண்டாம் ஞாயிறு நான் வன்னிக்குப் போக நேர்ந்ததற்கு என் கூட்டாளி சிவலிங்கத்தின் காய்ச்சல்தான் காரணம். மாதத்துக்கு ஒரு தடவை யாழ்ப்பாணத்திலிருந்து படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் அவன். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஆறு நாளும் எழுத்தைப் பார்த்துக் கண் எரிந்துபோய், ஏழாம் நாள் கதவைச் சாத்திவிட்டுக் கிடப்பதுதான் என் வழக்கம். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "உன்ரை அக்காவும் அங்கைதானே இருக்கிறா. ரெண்டு வருசமாய் எட்டிப் பாக்கேல்லையாம்" என்று படுக்கையில் கிடந்தபடியே மடக்கிவிட்டான்.

மல்லாவிக்கு அப்பால் நாலு மைலில் இருக்கிறது அந்தக் குடியேற்றம். ஒரு குளம், அதிலிருந்து ஏழு வாய்க்கால், ஒவ்வொரு வாய்க்காலிலும் முப்பது குடும்பம்வரை. அதனால் ஏழுவாய்க்கால் என்றே சுற்றுவட்டாரத்தில் சொல்கிறார்கள். காடு வெட்டி ஐந்து வருடம்தான் ஆகிறது. அதற்குள் சொந்தமாக ஒரு படமெசினும், அதற்கு மின்சாரம் தர ஒரு ஜெனரேற்றரும், படக்கழகம் என்று ஒரு கழகமும் வைத்திருக்கிறார்கள். டிக்கெற் கிடையாது. போகத்துக்கு ஒரு மரக்கால் நெல் கொடுத்த வீட்டார் எல்லோரும் வந்து உட்காரலாம். கொடுக்காதவர்களும் வந்துதான் உட்காருகிறார்கள்.

இனிப் பயணம். காலை ஆறு மணி ரயிலில் ஏறினேன். மாங்குளத்துக்கு மூன்றாம் வகுப்பு இரண்டு ரூபா பத்துச் சதம். அறுபது மைல், இரண்டரை மணித்தியாலம். ஆனையிறவு தாண்டும் வரை விழித்திருந்தது ஞாபகம். மாங்குளத்துச் சந்தியில் தேத்தண்ணீர் பத்துச் சதம். சீனி கூட. துணுக்காய் பஸ் ஒன்பதேகாலுக்கு. மல்லாவிக்கு அறுபது சதம்.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. படம் மூன்று றீல். ஒவ்வொன்றும் தட்டையான தகரப் பேணிக்குள் இருக்கும். பெட்டியின் கொளுக்கி உடைந்திருந்ததால் மூன்றையும் வைத்தால் மூடி நிற்கவில்லை. நடுப் பேணியை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியைக் கயிற்றால் கட்டிக் காலடியில் தள்ளினேன். சோளகக் காற்று யன்னலால் புழுதியை அள்ளி வீசியது. பதின்மூன்று மைலும் குண்டும் குழியும். அப்படியிருந்தும் நித்திரை வந்ததே, அதுதான் என் பிறவிக் குணம். "மல்லாவி இறக்கம்" என்று நடத்துநர் கத்தியதும் அரைத் தூக்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்துவிட்டேன்.

மல்லாவியிலிருந்து குடியேற்றத்துக்கு ஞாயிறுகளில் உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் ஏற்றிப் போவார்கள். காசு எதுவும் வாங்குவதில்லை. ஆனால் இறங்கியபின் ஒரு மணித்தியாலம் இடுப்பு நோகும். பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா என்னைக் கண்டு அழுதா. பிறகு மெலிந்துபோனாய் என்று ஏசினா. அவவின் வயல் முதலாம் வாய்க்காலில். துருசுக்கு, அதாவது குளத்து மதகுக்கு, ஆகக் கிட்ட.

இந்தக் கழகம் பட்டப்பகலில்தான் படம் காட்டும். சிறுபோகக் காலத்தில் அந்தியானால் யானைகள் தண்ணீருக்குக் குளக்கட்டில் ஏறும். கடைசி வாய்க்கால்காரர் அந்தக் கட்டால்தான் இரண்டரை மைல் நடந்து வீடு போகவேண்டும். ஆகவே பன்னிரண்டு மணிக்குத் தொடக்கம், நாலு மணிக்கு ஒருவரும் அங்கே நிற்கக்கூடாது. சங்கத்து நெல் ஸ்ரோருக்குள் யன்னல்களில் சாக்குத் தொங்கவிட்டு, சுவரில் வேட்டி கட்டி, மூட்டைகளுக்கு மேல் சனம். உள்ளே நெல் தூசி மூக்கில் ஏறும். தும்மலுக்கு நடுவே படம்.

எந்த மாதம் என்ன படம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று சிவலிங்கத்தைக் கேட்டபோது, "தண்ணியைப்போலத்தான்" என்றிருந்தான். அன்றுதான் விளங்கியது. வயலுக்கு வாய்க்கால்வாரியாகத் தண்ணீர் முறை இருப்பதுபோல, படத்துக்கும் முறை. ஒரு மாதம் ஒரு வாய்க்கால். அந்த வாய்க்கால்காரர் கேட்கும் படம்தான் வரும். இரண்டு முறையையும் பார்ப்பவர் ஒருவரே, அருளையா என்ற பெரியவர். முறை எழுதும் கொப்பியும் ஒன்றேதான். முன்பக்கத்திலிருந்து தண்ணீர், பின்பக்கத்திலிருந்து படம். முதல் தாளில் குண்டு எழுத்தில் ஒரு வசனம்: "தண்ணீருக்கும் படத்துக்கும் ஒழுங்கு ஒன்றே." இதை வைத்தபிறகு படத்துக்காக ஒரு சண்டையும் வரவில்லை என்று அருளையாவுக்குப் பெருமை.

தண்ணீரின் ஒழுங்கு இது. ஒரு வாய்க்காலுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். துருசுப் பலகை தூக்கிய நிமிடத்திலிருந்து கணக்கு. முதலாம் வாய்க்காலுக்குத் தூக்கிய கையோடு தண்ணீர் வந்துவிடும். ஏழாம் வாய்க்காலுக்குப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் செல்லும். அவர்களுக்குக் கிடைப்பது பத்துதான். படத்துக்கும் அப்படியே: மெசின் ஓடத் தொடங்கினால் முறையும் தொடங்கிவிட்டது. பிறகு ஜெனரேற்றர் நின்றாலும் மழை ஒழுகினாலும் முறை போனதுதான். அடுத்தது ஏழு மாதத்துக்குப் பிறகு.

அன்று ஏழாம் வாய்க்காலின் முறை. படத்தைக் கேட்டிருந்தவர் பிலோமினா அக்கா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த இரண்டு மூன்று குடும்பங்களில் ஒன்று அவருடையது. வள்ளம் கடலோடு போனபிறகு புருசனோடு வந்து காணி எடுத்தவர். நாற்பது வயது இருக்கும். வரம்பு கட்டத் தெரியாத மீன்காரி என்று நாலு வருடமாக அவரைச் சனம் பகிடி பண்ணியிருக்கிறது. என் அக்காவும்தான், அவவே சொன்னா. சிவலிங்கம் வாசித்த படப் பட்டியலில் மீனவ ஊரொன்றின் கதை இருப்பதைக் கேட்டு, மற்றவர்கள் ஆட்டம்பாட்டம் உள்ள படம் வேண்டுமென்று சொல்லியும், இதுதான் வேண்டுமென்று நின்றாராம்.

ஸ்ரோர் வாசலில் என்னிடம் அவரே வந்து சொன்னார்: "கஸ்ரப்பட்டுக் கொண்டுவந்தனீங்கள் தம்பி. நாங்கள் அங்கை என்ன பாடுபட்டனாங்கள் எண்டு இவை ஒருக்காக் கண்ணாலை பாக்கட்டும்."

எனக்கு அப்போது பசி. சும்மா தலையாட்டினேன்.

அந்நிய நாட்டுப் படம், பேச்சு ஒருவருக்கும் விளங்காது. ஆனாலும் முதல் றீல் ஓடிய நாற்பது நிமிடமும் ஒருவரும் எழுந்து வெளியே போகவில்லை. ஒரு சின்ன வள்ளத்தில் அப்பனும் மகனும் கடலுக்குப் போகிறார்கள். வானம் கறுக்கிறது. பெண்கள் கரையில் வந்து நிற்கிறார்கள். றீல் முடிந்தது. மெசின்காரர் பெட்டிக்குள் கைவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். பெட்டிக்குள் மூன்றாம் றீல்தான் கிடந்தது.

என் மடியில் இருந்த பேணி எங்கே போனது என்று எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். வாழ்நாள் முழுக்க மற்றவன் விட்ட எழுத்தைப் பிடித்துத் திருத்துகிறவன், முழு றீலை விட்டுவிட்டு வந்து நிற்கிறேன். பிலோமினா அக்கா ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாயிருந்திருக்கும்.

அத்தானின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். மல்லாவிக்கு நாலு மைல், பஸ் போய்த் திரும்பும் துணுக்காய்க்கு இன்னும் மூன்று. எதிர்க்காற்று, கிறவல் றோட்டு, தலைக்கு மேல் வெயில். துணுக்காயில் பஸ் நிற்கும் இடத்துத் தேத்தண்ணீர்க் கடையில் பேணியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார் நடத்துநர். கடைக்காரர் அதை நிழலில்தான் வைத்திருந்தார், ஆனால் அதற்கு மேல் ஒரு குலை வாழைப்பழம். பிஸ்கற் பேணி என்று நினைத்தாராம். திரும்பி வந்து சைக்கிளைச் சாத்தும்போது மணி மூன்றே முக்கால்.

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. சாக்குகளைத் தூக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு, கொண்டுவந்த சோற்றுப் பொதிகளைப் பிரித்துப் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு, அந்த வள்ளம் தப்புமா இல்லையா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் இனிப் போட நேரமில்லை. நாலு மணிக்குக் குளக்கட்டில் ஏற வேண்டும். பெட்டியும் திங்கட்கிழமை யாழ்ப்பாணத்தில் நிற்க வேண்டும்.

அருளையா கொப்பியைத் திறந்தார். மனிதர் நல்லவர்தான், குரல் இறங்கித்தான் சொன்னார்: மெசின் ஓடிவிட்டது, ஏழாம் வாய்க்காலின் முறை முடிந்தது, அடுத்த மாதம் முதலாம் வாய்க்கால். ஒழுங்கு ஒழுங்குதான்.

பிலோமினா அக்கா எழுந்தார். "மெசின் ஓடினது சரி ஐயா. சனம் படம் பாத்ததோ?"

அருளையா கொப்பியில் அந்த வரியைத் திரும்பத் தேடினார்.

"பாக்காததை எப்பிடி எங்கடை முறையெண்டு எழுதுவீங்கள்?"

அவருக்கு முதலில் ஆதரவாகக் கைதூக்கியது யார் தெரியுமா? என் அக்கா. அடுத்த முறைக்குரிய முதலாம் வாய்க்கால்காரி. அந்த வள்ளத்துக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் தன்னால் ஒரு மாதம் இருக்கவே ஏலாது, தங்கள் முறை ஒரு மாதம் பிந்தினாலும் காரியமில்லை என்றா. பிறகு முதலாம் வாய்க்கால் பெண்கள் எல்லோரும் தூக்கினார்கள். பிறகு ஸ்ரோர் முழுக்கக் கை. அருளையாவுக்கும் முகம் தெளிந்தது. கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி எழுதி, உரக்க வாசித்தார்: "மெசின் ஓடிய நேரம் கணக்கில்லை. படம் சனத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் முறை." கையெழுத்தும் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் நெஞ்சுக்குள்ளும் கொஞ்சம் காற்று வந்தது.

பிலோமினா அக்கா சிரிக்கவில்லை. அவர் போய்க் கொப்பியை முன்பக்கம் திருப்பி, அந்த முதல் தாளில் விரலை வைத்தார்.

"ஒழுங்கு ஒண்டுதானே ஐயா. அப்ப இந்தப் பக்கத்திலையும் இதை எழுதுங்கோ."

தூக்கிய கைகள் எப்போதோ இறங்கிவிட்டன. அருளையா பேனையை மூடி, அதைக் கூட்டத்தில் பேசுவோம் என்றார். மணி நாலு. ஏழாம் வாய்க்கால்காரர் குளக்கட்டில் வரிசையாக ஏறிப் போனார்கள். நான் அக்கா வீட்டில் போய் விழுந்தேன். விடிய மற்றவர்கள் எழும்ப முன்னம் பெட்டியோடு புறப்பட்டுவிட்டேன்.

ஆடி மாதத்திலும் பெட்டியை நானே கொண்டுபோனேன். சிவலிங்கம் சுகமாகிவிட்டான். ஆனாலும் நான்தான் போகவேண்டும் என்று எனக்கே பட்டது. இம்முறை மூன்று றீலும் ஓடின. நடு றீலில் பெண்கள் கரையில் இருந்து மீன் வெட்டி உப்புப் போடுகிறார்கள். கையைக் கிட்டக் காட்டுகிறார்கள். "உப்புப் பட்டால் விரல் இப்பிடித்தான் வெடிக்கும், ராவிலை சோறு பிசைய ஏலாது" என்று இருட்டுக்குள் பிலோமினா அக்காவின் குரல் கேட்டது. அதன்பிறகு சனம் அவரைக் கேட்டுக் கேட்டே படத்தைப் பார்த்தது. வள்ளம் திரும்பி வந்தது, அப்பன் வரவில்லை. என் அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மாதத்து இரண்டாம் ஞாயிறு போங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் வேண்டும், தும்மல் உள்ளவர் கைக்குட்டை இரண்டு கொண்டுபோங்கள். தெரிந்த ஒரு வீட்டில் சொல்லிவைத்து இரவு தங்குங்கள், நாலு மணிக்குப் பிறகு நடையை நினைக்கவே வேண்டாம். பெட்டி தூக்கி வரச் சொன்னால் மறுக்காதீர்கள், ஆனால் பஸ்ஸால் இறங்குமுன் பேணிகளை எண்ணுங்கள். என்னைப்போல நித்திரைக்காரராயிருந்தால் இரண்டு தடவை எண்ணுங்கள்.

ஆடி ஞாயிறு இரவு தங்கியபோது அக்கா கதையோடு கதையாகச் சொன்னா. கூட்டம் மூன்று நாள் நடந்ததாம். முதலாம் வாய்க்கால்காரர் சத்தம் போட்டார்களாம். ஆனால் கைதூக்கியதை ஸ்ரோர் முழுக்கக் கண்டிருந்ததே. கடைசியில் அருளையா கொப்பியின் முன்பக்கத்திலும் அதை எழுதிவிட்டாராம். "நீ விட்டிட்டு வந்த பேணியாலை எங்கடை முறை ரெண்டு மணித்தியாலம் பிந்தித்தான் வருது" என்றா. கோபம் உண்மைதான். ஆனால் சோற்றில் மீன் துண்டைக் கூட வைத்தா.

மறுநாள் திங்கள், ஏழாம் வாய்க்காலுக்குத் தண்ணீர் நாள். பிலோமினா அக்காவிடம் சொல்லிக்கொள்ளக் குளக்கட்டால் நடந்து போனேன். ஆறு மணிக்கே பலகை தூக்கியாயிற்று. அவர் வாய்க்கால் வாயில் குந்தியிருந்தார், மடியில் அந்தக் கொப்பி, பக்கத்துக் கல்லில் கழகத்து மணிக்கூடு. ஏழாம் வாய்க்காலின் நேரத்தை இனி அவர்தான் எழுதுவதாம். எனக்கு பஸ் இருக்கிறது, வாறன் அக்கா என்றேன்.

"கொஞ்சம் நில்லுங்கோ தம்பி. இந்தா வருகுது."

சருகையும் புழுதியையும் தள்ளிக்கொண்டு, காய்ந்த மண்ணில் சத்தமில்லாமல் வந்தது. தண்ணீர் காலைத் தொட்டதும் அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எட்டு மணி ஐந்து நிமிடம். அதை எழுதிவிட்டு, எழுதியதைத் திருப்பி ஒரு தடவை வாசித்தார். நான் அங்கேயே நின்றேன். மல்லாவியிலிருந்து மாங்குளத்துக்குக் காலைப் பஸ் ஒன்பதரைக்கு, அதை விட்டால் அடுத்தது பன்னிரண்டேகாலுக்குத்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.