மன்னிப்புக்கு மூன்று வாக்கியம்

“முதல் வாக்கியம் என்ன?”

“நான் செஞ்சது.”

“அதைச் சொல்லு.”

லோஷினி தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தாள். புத்தக அறையில் மின்விசிறி சுற்றவில்லை. கலாதேவி மண்டியிட்டு உட்கார்ந்து தன் முகத்தைப் பிள்ளையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். சின்னப் பிள்ளைகளிடம் நின்றுகொண்டு பேசக்கூடாது என்று மற்ற ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுத்தவள் அவள்.

“நான் என்ன செஞ்சேன் டீச்சர்?”

குரலில் அடம் இல்லை. இரண்டாம் ஆண்டுப் பிள்ளை, எட்டு வயது. தெரியாததைக் கேட்டாள்.

“உண்மை இல்லாதத எழுதிட்டேன்னு சொல்லணும்.”

“வேன் நின்னுச்சு டீச்சர்.”

“நின்னுச்சு.”

“கதவு பூட்டியிருந்துச்சு.”

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலைச் சபையில் பள்ளியின் முப்பத்து நான்கு பிள்ளைகளுக்கு முன்னால் லோஷினி வேன் ஓட்டுநர் சின்னையாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் செவ்வாய்க்கிழமை வேன் வராது. வேன் வராவிட்டால் பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பார்கள்.

“மறுபடியும் முதல்லேர்ந்து” என்றாள் கலாதேவி.

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை. எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது. குலை வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்துக்காரர்கள். அவர்களுக்கு அங்கே பிள்ளைகள் இல்லை. தமிழர்கள் ஈப்போ அடுக்குமாடிகளுக்குப் போய் இருபது வருடம் ஆகிறது. தமிழ்ப்பள்ளி மட்டும் இடம் மாறவில்லை. பிள்ளைகள் இல்லாத இடத்தில் பள்ளி நின்றது. ஆகவே பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள்.

கலாதேவி அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கையில், கண்ணாடியை உடைத்தது நான்தான் என்று தானாகப் போய்ச் சொன்னாள். ஆசிரியர் பிரம்பால் ஆறு அடி கொடுத்தார். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆசிரியப் பயிற்சி முடித்து ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் பதினொரு ஆண்டுகள் இருந்தாள். அங்கே அவளுக்கு ஒரு திருமணம் நடந்தது. நான்கு ஆண்டுகள் நிலைத்தது. பிறகு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு இந்தப் பள்ளிக்கு வந்தாள். வந்த முதல் வாரம் எல்லா வகுப்பிலும் இருந்த பிரம்புகளைச் சேர்த்து ஸ்டோர் அறையில் வைத்துப் பூட்டினாள். மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். ஒரு வருடத்தில் சிரிப்பு நின்றது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் அடிப்பது குறைந்தது. கோபம் வந்தால் பத்து எண்ணினார்கள்.

அவளுடைய முறையில் மூன்று பொருள்கள் இருந்தன. ஒன்று நட்சத்திர அட்டை. இரண்டாவது மனப்பெட்டி: பால் டின்னில் துளை போட்டது. பிள்ளைகள் ஒரு சீட்டில் முகம் வரைந்து, சந்தோஷம், கவலை, கோபம், பயம் இவற்றில் எது என்று காட்டி, கீழே ஒரு வரி எழுதிப் போடுவார்கள். மூன்றாவது மன்னிப்பு. தவறு செய்த பிள்ளை எதிரே நின்று மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். நான் செய்தது இது. உங்களுக்கு இப்படி இருந்திருக்கும். இனி நான் இப்படிச் செய்வேன். சொல்லி முடித்த பிள்ளைக்கும் நட்சத்திரம் உண்டு. உண்மை சொல்கிறவருக்குத் தண்டனை கிடையாது என்பது வகுப்புச் சுவரில் எழுதியிருந்தது.

சீட்டில் பெயர் எழுத வேண்டும் என்பதும் அவள் வைத்த விதி. பெயர் இல்லாவிட்டால் யாருக்கு நட்சத்திரம் ஒட்டுவது?

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பெட்டியில் லோஷினியின் சீட்டு இருந்தது. பயந்த முகம். வாய்க்குப் பதில் ஒரு கோடு. கீழே: “வேன் கடைல நிக்குது. கண்ணாடி மூடி. ஷர்வின் மூத்திரம் போயிட்டான்.” ஷர்வின் முதலாம் ஆண்டு. கலாதேவி லோஷினியைக் கூப்பிட்டுத் தைரியமாக எழுதியதற்கு நன்றி சொன்னாள். நட்சத்திரம் ஒட்டினாள். பிறகு வழக்கம்போல் சீட்டுகளை நகல் எடுத்து, ‘பயம்’ என்ற தாளுக்குப் பின்னால் ஃபைலில் சேர்த்தாள். எந்த வேலையைச் செய்தாலும் மூன்று படம், ஓர் அறிக்கை, ஒரு ஃபைல் என்பது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். கை அதைத் தானாகவே செய்தது.

புதன்கிழமை பள்ளி விட்டதும் தன் மைவி காரில் வேனுக்குப் பின்னால் போனாள். கோப்பெங் தாண்டி, காப்பியும் பீரும் விற்கும் ஒரு கொப்பிக்கடை முன்னால், வெயிலில், வேன் நின்றது. சின்னையா இறங்கிக் கதவைப் பூட்டினார். உள்ளே போய் உட்கார்ந்தார். ஒரு போத்தல் பீர் வந்தது. கலாதேவி எதிரே எண்ணெய் நிலையத்தில் காரை நிறுத்திக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தேழு நிமிடம். அது பதினான்கு பேர் உட்காரும் வேன். உள்ளே இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். கண்ணாடியில் ஆவி படிந்தது. யாரோ அதில் விரலால் கோடு போட்டார்கள். ஆதாரத்துக்காக நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கார்க் கதவைத் திறக்கவில்லை.

சின்னையா கெட்டவர் என்று அவளால் சொல்லிவிட முடியவில்லை. பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள் இருந்த வருடம் ஒரு தவணை முழுக்கச் சும்மாவே வேன் ஓட்டினார். ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறக்குமுன் அவளும் அவரும் ஈப்போவில் அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏறிக் கதவைத் தட்டிப் பள்ளிக்குப் பிள்ளை கேட்டிருக்கிறார்கள். லிஃப்ட் வேலை செய்யாத கட்டடங்களில் அவர்தான் முன்னால் ஏறுவார். மேலே நின்று, மெதுவா வாங்க டீச்சர், பிள்ளைங்க ஓடிப் போயிறாது என்பார். லோஷினியைக் கண்டுபிடித்தது அப்படித்தான், ஏழாவது மாடியில்.

வியாழக்கிழமை காலை, தலைமையாசிரியர் திருக்குமரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கொப்பிக்கடையையும் தன் கண்ணால் பார்த்ததையும் சொன்னாள். அவர் யாழ்ப்பாணத் தமிழர். தாத்தா ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். குரலை உயர்த்தாதவர்.

“நீங்கள் பாத்ததை நான் கேட்டதா வச்சுக்கொள்ளேல்ல டீச்சர்” என்றார். “கேட்டா நான் எழுத வேணும். எழுதினா அந்த ஆளின்ர லைசென்ஸ் போகும். பிறகு ஆர் ஏத்திக்கொண்டு வாறது?”

மெதுவாகப் பேசிப் பார்க்கிறேன் என்றார். அன்று மதியம் சின்னையாவை அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். சின்னையா எங்கும் நிற்கவில்லை என்று சாதித்தார். திருக்குமரனுக்கு வாக்குவாதம் வராது. அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்து, பிள்ளை எழுதியது இது என்று திறந்து காட்டினார். பெயர் மேலே தெளிவாக இருந்தது.

சின்னையா ஃபைலை எடுத்துக்கொண்டே கலாதேவியின் வகுப்புக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். இப்போதும் பிள்ளைகள் முன்னால் சத்தம் போடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே பேசினார்.

“பதினேழு வருசமா ஏத்திக்கிட்டு வாரேன் டீச்சர். நீங்க என்னைய பயத்துக்குப் பின்னால போட்டு வச்சிருக்கீங்க.”

“பிள்ளைங்க உள்ள இருக்கையில பூட்டாதீங்கண்ணே. அதுதான்.”

“கக்கூசுக்கு நின்னேன் லா. அதுக்கு ஃபைலா? நாளைக்கு ஆபீசர் வந்து பிரட்டிப் பாப்பான். கடைசில நமக்குத்தான் சூசா, தொல்லை.” ஃபைலை மேசையில் வைத்தார். “திங்கக்கிழமை அந்தப் புள்ள ஸ்பீக்கர்ல மன்னிப்புக் கேக்கட்டும். நீங்க சொல்லிக் குடுப்பீங்களே, மூணு வாக்கியம், அதேதான். இல்லாட்டி செவ்வாக்கிழமை உங்க மைவில நாலு நாலா ஏத்திக்கிட்டு வாங்க. முடிஞ்சா மத்தியானத்துக்குள்ள பள்ளிக்கூடம் ஆரம்பிச்சிரலாம்.”

பின் வரிசையில் ஒரு பையன் சிரித்தான். சின்னையாவும் சிரித்தார்.

திருக்குமரன் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. முடிவை அவளிடமே விட்டுவிட்டார். உங்கட முறைதானே டீச்சர் என்று மட்டும் சொன்னார். அவள் வேறு வேன் தேடினாள். கோப்பெங்கில் இரண்டு பேரைக் கேட்டாள். அந்தத் தோட்டத்துப் பாதையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வர யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளோடு அடுத்த ஆண்டு இந்தப் பள்ளி இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். எந்தப் பள்ளியில் பிரம்பில்லாமல் நடத்தலாம் என்று காட்டினாளோ, அந்தப் பள்ளி.

சாயங்காலம் லோஷினியின் அம்மா விமலா போன் செய்தாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. சின்னையா அவளிடமும் பேசியிருந்தார்.

“மன்னிப்புக் கேட்டுட்டுப் போகட்டும் டீச்சர். எனக்குக் காலம்பற ஷிஃப்டு. அவரு ஏத்தலன்னா நான் எப்படிக் கொண்டாந்து விடுவேன்?”

கலாதேவி சரி என்றாள்.

“அவ பொய் சொன்னாளா டீச்சர்?”

உண்மையைச் சொல்ல அந்த வாரத்தில் அவளுக்குக் கிடைத்த கடைசி இடம் அது.

“பொய்னு சொல்ல முடியாதுங்க. பயந்துட்டா. சின்னப் பிள்ளை, கொஞ்ச நேரம் பெருசாத் தெரிஞ்சிருக்கும்.”

விமலா ஓர் ஆறுதல் மூச்சு விட்டாள். வீட்டுலயும் இப்படித்தான் எதையாவது சொல்லிக்கிட்டிருப்பா, நான் கண்டிக்கிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை புத்தக அறையில் லோஷினி ஏழு தடவை சொல்லிப் பார்த்தாள். முதல் வாக்கியம்தான் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் அதில் வந்து மறந்தாள். இரண்டாவது வாக்கியம் அவளுக்கு எளிதாக வந்தது. வேன் மாமாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டதும், யோசித்துவிட்டு, “எல்லாரும் அவரப் பாக்கிற மாதிரி இருந்திருக்கும்” என்றாள். இதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அடுத்தவர் இடத்தில் நின்று பார் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்தது அவளிடம் நன்றாகவே ஏறியிருந்தது.

எட்டாவது தடவை முதல் வாக்கியமும் வந்துவிட்டது. கலாதேவி அவளைத் தட்டிக்கொடுத்தாள்.

திங்கட்கிழமை நாட்டுப்பண், மாநிலப் பண், பள்ளிப் பாடல் முடிந்தன. திருக்குமரன் நேர்மையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். மேடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். சின்னையா தேய்த்த சட்டையில் வந்து அதில் உட்கார்ந்தார். லோஷினிக்கு ஒலிவாங்கி உயரமாக இருந்ததால் கலாதேவி அதைக் கையில் எடுத்து அவள் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

“நான் உண்மை இல்லாததை எழுதினேன். அது உங்களுக்கு எல்லாரும் உங்களைப் பார்க்கிற மாதிரி இருந்திருக்கும். இனி நான் வேனைப் பற்றி எழுத மாட்டேன்.”

மூன்றாவது வாக்கியத்தை, இனி நான் யோசித்து எழுதுவேன் என்றுதான் பழகியிருந்தார்கள். லோஷினி தானாக மாற்றிக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை. திருக்குமரன் கை தட்டினார். பிள்ளைகள் தட்டினார்கள். ஷர்வினும் முதல் வரிசையில் நின்று தட்டினான். சின்னையா எழுந்து பிள்ளையின் தலையைத் தடவினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. புள்ளைதானே, நான் மனசுல வச்சுக்கல லா என்றார். அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது.

லோஷினி மேடையை விட்டு இறங்கவில்லை. கலாதேவிக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள். மன்னிப்புக் கேட்டவருக்கு நட்சத்திரம் உண்டு. கலாதேவி பையில் தேடினாள். மன்னிப்புக்கு ஒட்டும் பச்சை நட்சத்திரம் இல்லை. தங்க நிறத்தில் ஒன்று இருந்தது. அதை அந்த உள்ளங்கையில் ஒட்டினாள்.

அன்று முழுவதும் அந்த வகுப்பில் அவளுக்குச் சிரமம் எதுவும் இருக்கவில்லை. பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வேன் ஏழு மணி ஐந்துக்கு வந்தது. இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். லோஷினி முன் இருக்கையிலிருந்து இறங்கினாள். முதல் இரண்டு பாடம் கணிதம், இரண்டு இலக்கக் கழித்தல். ஓய்வு நேரத்தில் பெட்டியில் ஏழு சீட்டுகள் இருந்தன. ஆறு சிரித்த முகம். ஒன்று கோபம், அழிப்பான் தொலைந்ததற்கு. நகல் எடுத்து ஃபைலில் சேர்த்தாள். ஒன்றரைக்கு வேன் புறப்பட்டது. அவள் அதன் பின்னால் போகவில்லை. மூன்று மணிக்கு ஈப்போவில் நன்னடத்தை ஆசிரியர்களுக்குக் கூட்டம். பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள், பேசினாள். திங்கட்கிழமைச் சபையின் படம் ஒன்றைத் திரையில் காட்டினாள். சித்தியவானிலிருந்து வந்திருந்த இரண்டு ஆசிரியைகள் மூன்று வாக்கியத்தையும் எழுதிக்கொண்டு, படிவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கூட்டம் ஐந்து மணிக்கு முடிந்தது. தேநீரும் கறிபாப்பும் கொடுத்தார்கள்.