அண்ணன் காரின் கியர் குமிழ்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இன்று, பூசைக்கு வந்திருந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உங்கள் எல்லாருக்கும் தங்கையின் வணக்கம். அடக்கத்தன்று பேசிய பெரியவர்கள் அண்ணனை அஞ்சா நெஞ்சர் என்றார்கள். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனைப் போலப் பயந்த மனிதரை நம் வம்சத்தில் நான் கண்டதில்லை.

அண்ணன் பிறந்தது தங்கச்சிமடத்தில். கடலுக்குப் போன அய்யா திரும்பவில்லை. அன்றிலிருந்து அண்ணன் வள்ளத்தில் கால் வைக்க மறுத்தார். ஊர் கேலி பேசியது. கொழும்புக்குப் போய் ஒரு மோட்டார்ப் பட்டறையில் வேலை கற்றார். சுதந்திரம் வந்த மறு வருஷம் திரும்பி வந்து, பழைய இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கி இராமநாதபுரத்தில் வாடகைக்கு ஓட்டினார். என் கல்யாணத்துக்கு நான்கு காலிலும் பித்தளைக் குமிழ் வைத்த இரும்புக் கட்டிலைக் கொழும்பிலிருந்து தருவித்துத் தந்தவரும் அவர்தான்.

காரைக் கிளப்புமுன் பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்ப்பார். சக்கரத்தின் ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்ப்பார். ஏறி உட்கார்ந்தவர்கள் சலித்துப் போவார்கள். நானும் வாய்க்கு வந்தபடி பரிகாசம் செய்திருக்கிறேன்.

என் தலைப்பிரசவத்துக்குப் பத்து நாள் முன்னால் கியர் கம்பியின் தலையில் இருந்த குமிழ் வெடித்து உதிர்ந்தது. இராமநாதபுரத்தில் கிடைத்த எதுவும் அந்தக் கம்பியின் திருகு மரைக்குச் சேரவில்லை. அண்ணன் கம்பியில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். சரியாகப் பொருந்தாததை மாட்டுவதைவிட மொட்டைக் கம்பியே மேல் என்றார்.

வலி கண்ட அன்று காலை அவரே காரோடு உச்சிப்புளிக்கு என் வீட்டுக்கு வந்தார். என் கணவர் அப்போது கொழும்பில் இருந்தார். இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கிளம்பும்போது கியர் கம்பியின் தலையில் என் கட்டிலின் பித்தளைக் குமிழ் பளபளத்தது. ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஏறாத அதை, கம்பியில் வலைநூலைச் சுற்றி, மெழுகைத் தடவி, முறுக்கி இறுக்கியிருந்தது. எங்கள் கரையில் எது கழன்றாலும் வலைநூல்தானே வைத்தியம்.

“இது நிக்குமா தாயி?” என்று கேட்டார் அண்ணன்.

“இறுகித்தான் இருக்கு. பயந்து சாகாதண்ணே, கெளம்பு” என்றேன். அடுத்த வலி வந்துவிட்டது. அவர் வண்டியைக் கிளப்பினார்.

வழியில் இரயில்வே கேட். கேட்காரர் சாத்த வருவதற்குள் தாண்டிவிடலாம் என்று மேட்டில் ஏறினோம். தண்டவாளத்தின் மேல் அண்ணன் கியரை மாற்ற இழுத்தார். குமிழ் நூலோடு கையில் வந்தது. திடுக்கிட்டதில் கையை விட்டு நழுவி உருண்டு, கிளட்ச் மிதியின் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. மிதி இறங்கவில்லை, கியரும் நகரவில்லை. கார் உறுமிக்கொண்டே அங்கேயே நின்றது.

இரயில் உச்சிப்புளியை விட்டுவிட்டது என்று கேட்காரர் கத்தினார். கத்திக்கொண்டே சிவப்புக் கொடியோடு தண்டவாளத்தில் ஓடினார். எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கதவைத் திறக்கக் கை எழும்பவில்லை. மாதாவே மாதாவே என்று முனகியது நான்தானா என்றுகூடத் தெரியவில்லை. தண்டவாளம் அதிர்வது காரின் தகரத்தில் கேட்டது. இன்றைக்கும் தட்டில் கரண்டி கடகடத்தால் எழுந்துபோய் அதை எடுத்து வைத்துவிடுவேன்.

“இறங்க முடியுதா தாயி?”

தலையை மட்டும் ஆட்டினேன், முடியாது என்று.

“அப்ப நானும் இங்கனதான் இருக்கேன்.”

சொல்லும்போது அவருக்குப் பல் கிட்டியது. கையை மிதியின் கீழே விட்டுத் துழாவினார். விரல் நகம் பெயர்ந்தது. குமிழை உருவி வெளியே எறிந்தார். மொட்டைக் கம்பியை வெறுங்கையால் பிடித்து அழுத்த, மரை உள்ளங்கையைக் கிழித்தது. கார் குதித்து அப்பால் இறங்கியது. கொஞ்ச நேரத்தில், கொடியைக் கண்டு வேகம் குறைந்திருந்த இரயில் எங்கள் பின்னால் ஊதிக்கொண்டு போனது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்த கேட்காரர், எந்த மடையன் அதை மாட்டியது என்று கேட்டார்.

“நாந்தான் மாட்டுனேன்” என்றார் அண்ணன்.

அன்று மாலை பிறந்தவன்தான் இம்மலரை அச்சிட்டிருக்கும் என் மகன்.

அதன்பின் இரண்டு மாதம் அண்ணன் காரை எடுக்கவில்லை. பிழைப்பே அதுதான், ஆனாலும் எடுக்கவில்லை. கோவில் மெழுகுவர்த்தித் துண்டை இளக்கிக் கம்பியின் மரையில் அழுத்தி அச்செடுத்தார். வெயிலில் உருகாதிருக்க ஈரத்துணியில் பொதிந்துகொண்டு காரைக்குடி, மதுரை என்று கடை கடையாக ஏறி இறங்கினார். சிரித்தவர்களே அதிகம். கடைசியில் மதுரையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒருவர், மெழுகில் விழுந்த வரிகளைப் பொறுமையாக எண்ணிப் பார்த்து ஒரு கறுப்புக் குமிழை எடுத்துத் தந்தார். அது கம்பியில் ஏழு சுற்று ஏறி, அடியில் உட்கார்ந்தது. அண்ணன் ஏழையும் வாய்விட்டு எண்ணினார். பிறகு கழற்றி மறுபடி மாட்டி எண்ணினார். அன்று நான் பரிகாசம் செய்யவில்லை.

கடைசிக் காலத்தில் அண்ணனைக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், பங்குச் சாமியாருக்கும், தோள் கொடுத்த உறவினருக்கும் எங்கள் நன்றி. நாங்கள் பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்ட அந்தக் கேட்காரருக்கு, எங்கிருந்தாலும், என் மகனின் உயிருக்கான நன்றி.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. தங்கையைக் கட்டில் குமிழால் கொல்லப் பார்த்தவர் என்று விசேஷ வீடுகளில் எல்லாரும் அண்ணனைச் சீண்டுவீர்கள். அவரும் கூடச் சிரிப்பார், என் பக்கம் மட்டும் திரும்பமாட்டார். அன்று காலை அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய பயத்தைப் பார்த்து எரிச்சல் பட்டு, கட்டிலிலிருந்து அதைக் கழற்றிக் கொண்டுபோய் வலைநூல் சுற்றி முறுக்கியவள் நான். அவர் உயிரோடு இருந்தவரை இதை யாரிடமும் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

மாட்டியது நான்தான், அண்ணே.