மாதா பீடத்துக்குக் கீழே உறுமிய பெட்டி

மகன் கப்பலுக்குப் போகும் முன் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனான். அதில் தரையில் வைக்கிற கனத்த பேஸ் பெட்டி, பாட்டு ஓடாதபோதும் உறுமிக்கொண்டே இருந்தது. ஓயாத ஒரு ம்ம்ம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, காலமெல்லாம் இரைச்சலில் சம்பாதித்தவன் நான். இருந்தும் அந்தச் சத்தம் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

பாட்டுக் கேட்கிற ஆசையெல்லாம் இல்லை. என் மனைவிக்குக் காது மந்தம். நடுக்கடலில் சிக்னல் கிடைக்கும்போது மகன் பேசிப் பதிந்து அனுப்புவதைப் பெட்டியில் போட்டால்தான் அவளுக்குக் கேட்கும். "போன்ல அவன் கொரலு கொசு மாரி கீது" என்பாள். கடைசியாகப் பேசியபோது காய்ச்சல் என்று இருமினான். பிறகு 'நல்லா இருக்கேன்' என்று எழுத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். "யார் வேணா எய்தலாம். கொரலக் கேட்டாத்தான் எனுக்குத் தெரியும்" என்று அவள் சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். அவன் அடுத்துப் பேசுவதற்குள் உறுமலை ஒழித்தாக வேண்டும். எனக்கும் பயம்தான். பெட்டியைத் திட்டுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

முதலில் தெருவைச் சந்தேகப்பட்டேன். ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டினால் ஷோகேஸ் கண்ணாடியே நடுங்கும். லாரி இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் பெட்டி உறுமியது. பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடியில் கொடுத்தேன். மூலையிலிருந்து நகர்த்தினேன். கேபிள் ஒயரைப் பிடுங்கினேன். கடைசியில் ஆட்டோவில் டோல்கேட் பக்கத்து ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே நல்ல பிள்ளையாக வாயே திறக்கவில்லை.

"பொட்டி நல்லாத்தான் கீது, நைனா. உன் வூட்டு கரண்டுலதான் இன்னாவோ கீது. ஒண்ணொண்ணா ஆப் பண்ணிப் பாரு" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ், ஃபேன், டியூப்லைட் எல்லாம் அணைத்தேன். வியர்வையில் நனைந்ததுதான் மிச்சம். எல்லாவற்றையும் அணைத்தாயிற்று என்று சத்தியமே செய்திருப்பேன்.

மாலையில் மனைவி ஜெபமாலைக்கு உட்காரும் முன், டிவிக்கு மேலே மாதா பீடத்திலிருந்த சிவப்பு பல்பின் டிம்மரைத் திருகி வெளிச்சத்தைக் கூட்டினாள். உறுமலின் குரல் மாறியது. அடப்பாவி, அதுவும் கரண்டில்தானே எரிகிறது! மகன் கப்பலேறிய அன்று அவள் போட்ட விளக்கு. அவன் திரும்பி வாசலில் நிற்கும்வரை அணையக் கூடாது என்று வேண்டுதல். கரண்ட் போனாலும் எரிய இன்வர்ட்டரில் இணைத்து, டிம்மரும் வைத்தவன் சாட்சாத் நானேதான்.

"ஒரு நிமிசம் அணச்சா டிம்மரக் கழட்டிடுவேன்" என்றேன்.

"அந்த ஒரு நிமிசத்துல அவனுக்கு இன்னா ஆவும்னு நீ சொல்லுவியா?"

எனக்கு வேண்டுதலில் எல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சுவிட்சில் கை வைக்கவில்லை.

மறுநாள் காலை மகன் பேசி அனுப்பியிருந்தான். பெட்டியில் போட்டேன். அவள் நல்ல காதைப் பெட்டியில் வைத்துக் குந்தினாள். "இருமுறானா, பொட்டி கத்துதா?" என்றாள். மறுபடி போட்டேன். மறுபடியும் விளங்கவில்லை.

எழுந்தாள். மாதா முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தானே அணைத்தாள். பெட்டி கப்சிப். மகன் பேசியதை மறுபடி போட்டேன்.

"மா, ஜொரம் வுட்டுட்ச்சு. இங்க சாம்பார்னு ஒண்ணு ஊத்துறானுங்க மா, அத்த குடிச்சே ஓடிட்ச்சு" என்று சிரித்தான். இருமவில்லை. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அழுது முடிக்கவில்லை, அதற்குள் "ஸ்க்ரூடிரைவர் எங்க? டிம்மரக் கழட்டு" என்றாள். கடல்காற்று படாமல் மெழுகுவர்த்தியைச் சுற்றி இரண்டு கையையும் குவித்து நின்றாள். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் பிசகாமல் இறக்கிய என் கை, அந்தச் சின்னத் திருகாணியில் ஸ்க்ரூடிரைவரை நழுவவிட்டது.

"மெதுவா செய்யி" என்றாள். "அவன் கடல்ல கீறான்."