காதர் பாய்க்கு மருந்து மாற்றிய வாரம்

டீ கிளாஸ் காதர் பாயின் கையிலிருந்து எகிறி என் வெள்ளை யூனிஃபார்மில் கொட்டியது.

“நான் வீசல சிஸ்டரம்மா. கையி தன்னால துள்ளுது” என்றார்.

எண்பதுகளின் கடைசி. செம்பூரில் ஒரு சிறிய மருத்துவமனையில், வலி சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸ். காதர் பாய்க்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை; சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. வலிக்குப் பெத்திடின் என்ற ஊசி போட்டு வந்தோம். அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார்.

டாக்டர் மேடம் மராத்திக்காரர். வந்து கையைப் பார்த்தார். பெத்திடின் உடம்பில் தேங்கினால் இப்படித் துடிக்கும், இன்னும் கூட்டினால் ஃபிட்ஸ் வரும் என்றார். “இஞ்செக்ஷன் பந்த். மார்ஃபின் குடிக்கக் கொடுப்போம்.”

பாயின் மனைவி மைமூன் பதறினார். “மார்ஃபின்னா அபின்லா? கைவிட்டாச்சுன்னா நேரா சொல்லிருங்க.”

“யாரும் கைவிடல மாமி. ஊசியில வலியும் போகல, கையும் துடிக்கறது. வேற மருந்துக்கு மாத்தறோம், அவ்வளவுதான்” என்றேன்.

பாய் கேட்டது ஒன்றுதான்: “பட்டறைக்குப் போவலாமா?”



பழைய ஊசிக்குச் சமமாகக் கணக்கில் வந்த அளவைவிடக் குறைத்தே டாக்டர் தொடங்கினார். புது மருந்து ஒவ்வொரு உடம்பையும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். நாலு மணிக்கொரு தரம் கசப்புக் கரைசல், கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. முதலில் தூங்கித் தூங்கி விழுந்தார். மைமூன் பார்த்த பார்வைக்குப் பயந்து நான் வார்டைச் சுற்றிக்கொண்டு போனேன். மெல்லத் தூக்கம் தெளிந்தது, துடிப்பும் அடங்கியது. மிச்ச வலிக்கு டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். ஒரு காலை, பக்கத்துக் கட்டில்காரரின் செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் பாய்.

“இத தச்சவன் யாரு? நூலு பிரியுது பாருங்க.”

மைமூன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்குப் போய், அடுத்த செக்கப்புக்கு வந்தபோது மைமூன் புகார் சொன்னார்: “வலி இருக்கையில வாயே தொறக்கல. இப்ப பட்டறையில ஒருத்தனையும் நிம்மதியா இருக்க விடமாட்டேங்காவ. இதுக்கு மருந்து இருக்கா?”

“தையல் கோணுனா சொல்லாண்டாமா?” என்றார் பாய்.

நான் மொழிபெயர்த்ததும் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

நோய் குணமாகவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மழைக்காலம் முழுக்கப் பாய் பட்டறையில் உட்கார்ந்து ஆட்களை அதட்டினார். அதன் பிறகு நான் நோயாளிகளிடம் வலி எவ்வளவு என்று மட்டும் கேட்டதில்லை. நேற்று என்ன செய்தீர்கள் என்றும் கேட்பேன். பதில் நீண்டுகொண்டே போனால், மருந்து பிடித்துவிட்டது.