ரஞ்சினி அக்காவின் பெயரில் ஒரு தையல் மெசின்

ஒஸ்லோவின் குறொன்லாண்டுக் கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் நிரோஷன் தொலைபேசி எடுத்தான். "அன்ரி, அம்மா விடியப்புறம் போயிட்டா" என்றான். ரஞ்சினி அக்காவின் ஒரே மகன் அவன். ஒஸ்லோவில் பிறந்து, படித்து, பொறியியலாளராக வேலை பார்ப்பவன். நோய் முற்றிவிட்டதென்று எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் கையில் பிடித்திருந்த முருங்கைக்காயை என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்குள் கொஞ்ச நேரம் நின்றேன்.

என் வீடிருக்கும் மோர்டென்ஸ்ருட்டில் ரயிலை விட்டு இறங்குவதற்குள் எங்கள் ஊர்ச் சங்கத்தின் கைத்தொலைபேசிக் குழு விளக்குப் படங்களாலும் தாமரைப் படங்களாலும் நிரம்பிவிட்டது. "ஏழைகளின் தாய்" என்று ஒருவர். "கருணையின் வடிவம்" என்று இன்னொருவர். உயிரோடு இருந்தபோது அவரை "விசர் மனிசி" என்றவர்களும் இவர்கள்தான். ஆகவே, அவரை அறியாதவர்களுக்கும், அறிந்தும் அறியாததுபோல் நடந்துகொண்டவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அக்காவும் நானும் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்றாக வேலை செய்தோம். கட்டிலின் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானும் நின்று விரிப்பு மாற்றியபடியே எங்கள் கதை முழுவதையும் கதைத்து முடித்தோம். அவர் வாய்க்காரி. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அம்மருட்டில் அவருடைய வீட்டுக்குப் போனால் முதலில் சாப்பாடு, பிறகு பேச்சு வாங்குவது என்பது எல்லோருக்கும் தெரியும். சங்கத்தின் செயற்குழுவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதும் அவர்தான்.

ஒரு கோடை விடுமுறையில் நாங்கள் ஊருக்குப் போனபோது, சங்கம் உதவி செய்யும் வன்னிக் குடும்பங்களைப் பார்த்துவரச் சொன்னார்கள். அப்படித்தான் தவமலரின் வீட்டுக்குப் போனோம். கணவருக்குப் போரில் ஒரு கால் போய்விட்டது. குத்தகைக்கு எடுத்த சிறிய வயல், இரண்டு பெண் பிள்ளைகள். வாசலில் கதவுக்குப் பதிலாகக் கிழிந்த தறப்பாள் தொங்கியது. உள்ளே, மூலையில், சேலைத்துண்டு போட்டு மூடிய இரண்டு தையல் மெசின்கள் இருந்தன.

"ரெண்டும் ஆர் தந்தது?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்டு கனடாக்காரர், மற்றது சுவிஸ்காரர். எனக்குத் தைக்கத் தெரியாது அக்கா. பக்கத்து வீட்டிலையும் ரெண்டு கிடக்கு."

"அப்ப இந்த ஊரிலை ஆர் ஆருக்குத் தைக்கிறது?"

தவமலர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நாங்கள் கொண்டுபோயிருந்ததும் ஒரு தையல் மெசின்தான். அது நாங்கள் வந்த வான் வண்டிக்குள்ளேயே இருந்தது. அக்கா அதை இறக்கவே விடவில்லை.

ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்த பிறகு நடந்த கூட்டத்தை நான் மறக்கமாட்டேன். பொருள் வேண்டாம், மாதாமாதம் காசாகவே அந்தந்தக் குடும்பத்துத் தாயின் வங்கிக் கணக்குக்குப் போடுவோம் என்றார் அக்கா. தலைவர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "காசைக் கையிலை குடுத்தால் புருசன் குடிச்சு முடிச்சுப்போடுவான். பொருளெண்டால் படம் எடுத்துப் போடலாம், சனத்துக்குக் கணக்கும் காட்டலாம்" என்றார்.

"நாங்கள் இஞ்சை அகதியாய் வந்து இறங்கேக்கை சோசியல் கந்தோரிலை என்ன தந்தவங்கள்?" என்று அக்கா கேட்டார். "காசுதானே தந்தவங்கள். ஆட்டுக்குட்டியே தந்தவங்கள்? நீங்கள் அதைக் குடிச்சே முடிச்சனீங்கள்? இண்டைக்கும் அரசாங்கத்தின்ரை பிள்ளைக் காசு ஒவ்வொரு தாயின்ரை கணக்குக்கும் வருது. ஆராவது வந்து பக்கத்திலை நிண்டு படம் எடுக்கிறாங்களோ?"

தேநீர் குடித்துவிட்டுக் கோழிக்குஞ்சு வழங்கும் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அக்கா அன்றோடு செயற்குழுவை விட்டார். நானும் விட்டேன். அடுத்த மாதத்திலிருந்து தன் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தவமலரின் கணக்குக்குத் தானே அனுப்பத் தொடங்கினார்.

முதல் மாதக் காசில் தவமலர் ஒரு கதவு போட்டார். அதுவரை பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுத் தூரத்து வேலைக்குப் போக அவரால் முடிந்ததில்லை. "இனிப் பூட்டிப்போட்டு நித்திரை கொள்ளலாம் அக்கா" என்று தொலைபேசியில் சொன்னாராம். நாங்களாக இருந்தால் ஒரு பட்டியல் போட்டிருப்போம். அதில் கதவு இருந்திருக்காது. பிறகு வயல் மாறியது. அதற்கு முன்பெல்லாம் உரத்துக்கும் விதைக்கும் வியாபாரியிடம் கடனுக்குக் கைநீட்டிவிட்டு, சூடடித்த களத்திலேயே அவன் சொன்ன விலைக்கு நெல்லைக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, விலை ஏறும்வரை வைத்திருந்து விற்றார்கள். பள்ளிக்கூடத்தை விட்டிருந்த மூத்தவள் சைக்கிளில் திரும்பவும் போனாள்.

மூத்தவள் பெரியபிள்ளையானபோது ஒரு மாதக் காசு முழுவதையும் போட்டுச் சாமத்தியவீடு செய்தார் தவமலர். படம் எப்படியோ ஒஸ்லோவுக்கு வந்துவிட்டது. "ரஞ்சினியின்ரை காசிலை அங்கை கொண்டாட்டம் நடக்குது" என்று சங்கத்தில் ஒரே சிரிப்பு. உண்மையைச் சொன்னால் அக்காவுக்கும் கோபம் வந்தது. இரண்டு நாள் என்னோடுகூடக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், விரிப்பை உதறிக்கொண்டே சொன்னார்:

"என்ரை காசெண்டு நினைச்சபடியாத்தான் கோவம் வந்தது. அனுப்பின பிறகு அது அவளின்ரை காசு. தலைவர் தன்ரை பிள்ளையின்ரை சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்து, அவளைக் குதிரை வண்டிலிலை கொண்டுவந்தவர். நாங்களும் போய்ச் சாப்பிட்டுட்டு வந்தனாங்கள்தானே. இவள் அயலுக்கு ஒரு நேரச் சோறு குடுத்தவள், அவ்வளவுதான்."

சங்கம் சும்மா இருக்கவில்லை. ஊருக்குப் போன செயற்குழு உறுப்பினர் ஒருவர் தவமலரின் வீட்டைப் பார்த்தார். நீல வர்ணம் பூசிய கதவைப் பார்த்தார். "இவை வசதியாய் இருக்கினம்" என்று எழுதிக்கொடுத்தார். வீடுகளின் கூரை திருத்தும் சங்கத்துத் திட்டத்திலிருந்து தவமலரின் பெயரை வெட்டிவிட்டார்கள். கதவு இருந்தால் ஏழை இல்லையாம். மழைக்கு ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்க்க அந்த மனிதருக்குக் கழுத்து வளையவில்லை.

நோய் வந்து, வேலையை விட்டு, படுக்கையில் விழுந்த பிறகும் அக்கா அனுப்புவதை நிறுத்தவில்லை. கடைசியாக நான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தவமலருக்குப் போறது என்னோடை நிக்கக்கூடாது. மூத்தவளின்ரை படிப்பு முடியட்டும். நிரோஷனிட்டையும் சொல்லிப்போட்டன்" என்றார். சொல்லித்தான் இருந்தார். ஆனால் சங்கத்தோடு அவர் போட்ட சண்டையைப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. பெரியவர்களின் சச்சரவு பிள்ளைக்கு எதற்கு என்று விட்டிருப்பார்.

பூ கொண்டுவர வேண்டாம், அந்தக் காசை அம்மாவின் ஞாபகமாகத் தாருங்கள் என்று நிரோஷன் அறிவித்திருந்தான். இந்த நாட்டில் அது வழக்கம். முதியோர் இல்லத்து நோர்வேக்காரர்கள் உட்பட எல்லோரும் அள்ளிக் கொடுத்தார்கள். தவமலரின் பிள்ளை படித்து முடிக்கும்வரை தாராளமாகப் போதும். அஸ்தி வருவதற்கு முன்பே தலைவர் அவன் வீட்டுக்குப் போய், "அம்மா காசு அனுப்பின குடும்பத்தை நாங்கள் பாக்கிறம் தம்பி" என்று சொல்லி முழுவதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தெரியவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அம்மா சங்கம் சங்கமெண்டு ஓடித்திரிஞ்சவாதானே அன்ரி. நான் சரியெண்டுதான் குடுத்தனான்" என்றான் நிரோஷன். அவன் அழுததைப் பார்த்த பிறகு அவனை ஏச எனக்கு மனம் வரவில்லை. தலைவரைத்தான் ஏசினேன். அவர் அமைதியாக, "முப்பத்தோராம் நாள் நினைவாய் அங்கை தையல் மெசின் குடுக்கிறம். அக்காவின்ரை படம் போட்டுப் பெரிய பதாகையும் அடிக்கிறம்" என்றார். என் அக்காவின் பெயரில், தையல் மெசின்.

அதற்கிடையில் தவமலர் எனக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். ஒருவரும் அவருக்குச் செய்தி சொல்லவில்லை. "காசு வரேல்லை எண்டு எடுக்கேல்லை அக்கா. ஒருநாளும் பிந்தாதவ பிந்திப்போட்டா. அதுதான் பயமாய்க் கிடக்கு" என்றார். நான் சொன்னேன். அதற்குப் பிறகு நெடுநேரம் அங்கே அழுகைச் சத்தம் மட்டுந்தான் கேட்டது.

விழா நடந்தது. படத்தில் தவமலர் முதல் ஆளாக நிற்கிறார். பின்னால் ஆள் உயரத்துக்கு அக்காவின் சிரித்த முகம். தவமலரின் கையில் அவருக்குக் கிடைத்த மூன்றாவது மெசின். வேண்டாமென்று சொன்னால் செத்தவரை அவமதித்ததாகிவிடும் என்று பயந்து வாங்கியிருக்கிறார். அன்று பின்னேரமே என்னை அழைத்தார்.

"அக்காவின்ரை பேரிலை தந்ததை வித்தால் பாவமோ?"

"விக்காட்டித்தான் பாவம்" என்றேன்.

மாதாமாதம் இனி நானும் நிரோஷனும் அனுப்புகிறோம். அக்கா அனுப்பிய அளவுக்கு இன்னும் வரவில்லை. நேற்று தவமலரிடமிருந்து ஒரு படம் வந்தது. மெசின் விற்ற காசில் அடுத்த போகத்துக்கு விதைநெல் வாங்கியிருக்கிறார். மூட்டைகளை வீட்டுக்குள் அடுக்கி, கூரை ஒழுக்கில் நனையாமல், விழா முடிந்ததும் எறிந்துவிட்டுப்போன பதாகையால் மூடிக் கட்டியிருக்கிறார். நெல்லின் மேலே ரஞ்சினி அக்கா சிரித்தபடி கிடக்கிறார். பக்கத்தில் நீலக் கதவு பூட்டிக் கிடக்கிறது.

போய்வாருங்கள் அக்கா. அவர்கள் உங்கள் பெயரில் கொடுத்த மெசினை உங்கள் தவமலர் காசாக்கிவிட்டார்.