பாம்பனில் நாங்கள் இறங்கவில்லை

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லாதவள் பழங்காநத்தத்தில் தெருவில் இறங்கி நடக்கவே கூடாது. காய்கறிக்காரி கேட்பாள், ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள், என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திக் கேட்பார்கள். "ஏதும் விசேஷம் உண்டா டீச்சர்?" எல்லாருக்கும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரங்களை நங்கென்று வைப்பேன். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு அப்போது ஒரே ஆசைதான். யாரும் என் வயிற்றைப் பார்த்துப் பேசாத ஓர் ஊரில், என் வீட்டுக்காரரோடு மட்டும் ஒரு வாரம் இருக்க வேண்டும்.

வழி சொன்னவர் எங்கள் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர். மதுரையில் வாழ்க்கைப்பட்டவர், பிறந்த ஊர் பாம்பன். மீன்பிடிக்கிற குடும்பம், மாதாவைக் கும்பிடுகிற வேதக்கார வீடு. அங்கே அவருடைய அம்மா மட்டும் தனியாக இருந்தார். "எங்க வீட்டுக்குப் போங்க டீச்சர். சாமி கும்பிட வர்றவுக எல்லாம் நேரா ராமேஸ்வரம் போயிருவாக. எங்க ஊர்ல எறங்க ஆளே கிடையாது" என்றார். அப்போது தீவுக்குப் போக ரயிலை விட்டால் வழியில்லை.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் எங்களுக்கு இதே பேச்சு. பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் டீச்சர் படம் போட்டுக் காட்டினார். ஸ்டேஷன், மாதா கோயில், பனைமரங்கள், அதைத் தாண்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் கடல். லாட்ஜ் கிடையாது. நல்ல தண்ணீருக்கு மணலைத் தோண்டி, ஊறுகிறதைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும், ஒரு குடம் நிறைய அரை மணி நேரமாகும் என்று பயமுறுத்தினார். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. அரை மணி நேரம் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருக்கலாம். அந்த வீட்டில் ஆக்குகிற மீன் குழம்பைத்தான் சாப்பிடுவது, அவர்கள் எழும்போது எழுவது, சாயங்காலம் வலை காயப்போடுகிற இடத்தில் போய் உட்காருவது என்று நான் முடிவு பண்ணினேன். என் வீட்டுக்காரரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். மே மாத லீவில் ஒரு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்து டீச்சர் தன் அம்மாவுக்குக் கடிதம் போட்டார். சுவருக்கு வெள்ளையடித்துப் புதுப்பாய் வாங்கியிருப்பதாகவும், ஸ்டேஷனுக்கே வந்து கூட்டிப்போவதாகவும் பதில் வந்தது.

அப்புறம் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். பெண்டாட்டியோடு சும்மா ஊருக்குப் போகிறேன் என்று தன் அம்மாவிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். "ராமேஸ்வரம் போறோம்" என்றார். பிள்ளை இல்லாதவர்கள் அங்கே எதற்குப் போவார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அத்தை அழுதேவிட்டார். நான்கு வருஷமாக அவர் சொல்லிச் சொல்லி நான் தட்டிக்கழித்த பரிகாரம் அது. இருட்டுவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அவனியாபுரத்து நாத்தனார் குடும்பமும் சேர்ந்து எட்டுப் பேர் கிளம்பத் தயாரானார்கள்.

பாம்பன் வீட்டைப் பற்றி நான் மெல்லப் பேச்செடுத்தேன். மீன்பிடிக்கிறவர்கள் வீடு என்றதும் அத்தையின் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். வாய் மட்டும் வேறு காரணம் சொன்னது. "கோயிலுக்குப் போகுமுன்ன கவிச்சி ஆகாதுத்தா. கும்பிட்டுட்டா நேரா நம்ம வீட்டுக்குத்தான் வரணும். நடுவுல அடுத்தவுக வாசப்படி மிதிக்கக் கூடாது."

முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. சாமியின் பெயரால் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டாயிற்று. மொட்டை மாடியில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டேன். திரும்பும்போது மற்றவர்களை மதுரைக்கு அனுப்பிவிட்டு நாம் மட்டும் பாம்பனில் இறங்கிக்கொள்வோம் என்று கையில் அடித்துச் சொன்னார். நம்பினேன். ஒரு நாள் தள்ளி வருகிறோம் என்று அந்த அம்மாவுக்கு நான் ஒரு கார்டு போட்டிருக்கலாம். போட்டால் டீச்சர் ஏன் என்று கேட்பார். உங்கள் வீட்டில் கைநனைக்க எங்கள் அத்தைக்குச் சம்மதமில்லை என்று எப்படிச் சொல்வேன்? நேரில் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு மஞ்சள் சேலை கட்டிவிட்டுக் கூட்டிப்போனார்கள். ரயில் பாலத்தின் மேல் ஊர்ந்தபோது எல்லாரும் கடலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பாம்பனில் நின்றது. ஐம்பது வயசுக்கு மேலிருக்கும் ஓர் அம்மா, நன்றாகச் சீவிமுடித்து, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சேலையில், ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் ஜன்னலுக்கும் வந்தார்.

"மதுர டீச்சரு இந்தப் பெட்டியில இருக்காகளாத்தா?"

அத்தை என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்து ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். நான் எழுந்து நின்றிருந்தாலே போதும்.

"இங்க யாரும் இல்லம்மா" என்றேன்.

"சரித்தா, நல்லபடியா கும்பிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாக என் தலையில் ஊற்றினார்கள். மறுநாள் ரயில் மறுபடி பாம்பனில் நின்றபோது என் வீட்டுக்காரரின் முழங்கையைத் தொட்டேன். "அம்மா இருக்காகல்ல" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் இந்த ஆயுசில் அவரிடம் எந்த ஊருக்கும் கூட்டிப்போகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. அம்மா மூன்று நாள் ஸ்டேஷனுக்கு நடந்தார்களாம் என்றார் டீச்சர். காய்ச்சல் வந்து கிளம்பவே முடியவில்லை என்று புளுகினேன். அவர் கோபிக்கவில்லை. சும்மா பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்.

"ரயில்ல மஞ்சச் சேல கட்டுன ஒரு பொண்ணப் பாத்துச்சாம் அம்மா. பிள்ளைக்கு வேண்டிக்கிட்டுப் போற பொண்ணு போல, மொகமே செத்துக்கெடந்துச்சாம். பாவம்னு, அன்னையிலேர்ந்து அதுக்காக மாதாகிட்ட தெனம் செபம் சொல்லுது."

அது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். முதல் மணி அடித்தது, சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அத்தையையும் என் வீட்டுக்காரரையும் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் ஆயிரம் இருக்கிறது, சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் அந்த ஜன்னலில் யாரும் இல்லை என்று சொன்னவள் நான்தான், யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.